எச்சில் படாமல் வைத்த வெனிலா

என் சண்டைக்கார அக்காவுக்கு,

உன் வீட்டுக்காரர், நம் மாமாவுக்கு மறுகல்யாணம் முடிந்துவிட்டது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ரொம்ப யோசித்தேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, "விஷயத்துக்கு வாடி" என்பாய். அதனால் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். பெண்ணுக்கு ஊர் பிரம்மதேசம். பேர் ஜெயந்தி. நிலத்து வேலை செய்கிற குடும்பம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உன் ஜெலாட்டோவால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான். நீ இருந்திருந்தால் நேரில் வந்து நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். ஊரில் எல்லோருக்கும் போல உனக்கும் அதிரசம், கேசரி என்று ஏதாவது பிடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு எதற்கு இத்தாலிக்காரர்களின் ஐஸ்க்ரீம், அந்த வெனிலா ஜெலாட்டோ?

சுமங்கலியாகச் செத்துப்போன பெண்ணை நம் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள் அல்லவா? வீட்டில் நல்ல காரியம் என்றால் அவளுக்குப் புதுப்புடவை, பூ, வளையல், அவள் ஆசையாகச் சாப்பிட்டது எல்லாம் வைத்துப் படைத்த பிறகுதான் மற்றதெல்லாம். சின்ன வயதில் அந்தப் படையல் வடைக்காக நீயும் நானும் வாயில் எச்சில் ஊறக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். இப்போது நம் வீட்டுப் பூவாடைக்காரி நீ. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வராமல் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

வழக்கமாகக் கல்யாணத்துக்கு முன்னால் படைப்பார்கள். உன் விஷயத்தில் அம்மா அதை மாற்றிவிட்டாள். "தாலி கட்டிக்கினு வர்றவளே விளக்கேத்தட்டும். படைச்ச புடவையை அவளே கட்டிக்கட்டும், மொத வாயும் அவளே சாப்புடட்டும். அப்பதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்" என்றாள். யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போக வேண்டும்? நீ படத்தில் இருக்கிறாய், அவள் அடுப்படிக்கு வரப்போகிறாள். என்னை யாரும் கேட்கவில்லை.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ போன புதிதில் தங்கச்சியையே கட்டி வைத்துவிடலாம் என்று உறவெல்லாம் கூடிப் பேசியபோது, "அவளை நான் தூக்கி வளத்திருக்கேன், அந்தப் பேச்சை வுடுங்க" என்று முதலில் எழுந்து போனது அவர்தான். நானும் மாட்டேன் என்றேன். எனக்கு அவர் வேண்டாம். ஆனால் இன்னொருத்தி வந்து உன் இடத்தில் உட்காரவும் எனக்கு மனசு இல்லை. இதில் என்ன நியாயம் என்று கேட்காதே, நியாயம் இல்லை என்று எனக்கே தெரியும்.

உண்மையான வயிற்றெரிச்சல் கயல்தான். உன் மகள் இத்தனை நாளும் அம்மா வீட்டில் என் பக்கத்தில்தான் படுத்தாள். காலைத் தூக்கி என் மேல் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம். கல்யாணம் ஆனதும் அவள் அப்பா வீட்டோடு போய்விட வேண்டும் என்று பேச்சு. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, இருந்தாலும் அது வேறு வீடுதானே? புது ஆளை அவள் எப்படிக் கூப்பிடுவது என்று கேள்வி வந்தபோது, "சித்தின்னு கூப்புடட்டும், வேறென்ன?" என்றாள் அம்மா. அக்கா, சித்தி நான். அந்தப் பேரையும் பங்கு போட வேண்டுமாம்.

அதனால்தான் படையலில் ஜெலாட்டோ இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உனக்கு என்ன பிடிக்கும் என்பது அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும், நேற்று வந்தவளுக்குத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும் போலிருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்று எழுத வந்தேன். நீ யாரிடம் சொல்லப்போகிறாய்?

முதலில் கடையில் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒத்திகை மாதிரி ஒருநாள் குயிலாப்பாளையத்துக்கு ஸ்கூட்டியில் போனேன். நீ வேலை பார்த்து இதைச் செய்யக் கற்றுக்கொண்ட, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் அடுப்படியில் இப்போது எல்லாம் புது முகங்கள். பக்கத்துக் கடையில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, அதன் மேல் துண்டைச் சுற்றி, அந்த வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து திறந்தால் உள்ளே பால் பாயசம். கயல் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனாள்.

மாமா எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா இவ்ளோ கஷ்டம்? பஸ் ஸ்டாண்டாண்ட கப் ஐஸ் விக்குது, அதை வாங்கி வெச்சிடலாம்" என்றார். உன்னோடு அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன் உனக்குக் கப் ஐஸ் வைக்கிறேன் என்கிறார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். நீ செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்தானே, தெரியாதா என்ன என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சாப்பிடுவதற்காக மட்டும்தான் என்பது பாலை அடுப்பில் வைத்த பிறகுதான் புரிந்தது. முட்டை சேர்க்க மாட்டாய், பாலில் சோளமாவைக் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சுவாய், ஆற வைத்துக் கொஞ்சம் க்ரீம் சேர்ப்பாய். இவ்வளவுதான் என் ஞாபகம். எவ்வளவு மாவு என்று அப்போது கேட்டதற்கு "பார்த்தா தெரியும்டி" என்றாய். பார்த்தேன், அக்கா. ஒன்றும் தெரியவில்லை.

முதல் தடவை மாவு கட்டி கட்டியாகத் திரண்டு கொழுக்கட்டைக்குப் பூரணம் மாதிரி நின்றது. அடுத்த தடவை க்ரீமை மிக்ஸியில் போட்டுச் சுற்றினேன், கொஞ்சம் அதிகமாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது, வெண்ணெய் தனியாகத் திரண்டு மேலே மிதந்தது. அம்மா அதை வழித்து எடுத்து உருக்கிவிட்டாள். "நெய் நல்லா வந்திருக்குதுடி" என்று என்னைப் பாராட்டினாள்.

அப்புறம் உன் வெனிலாக் குச்சி. கெஸ்ட் ஹவுஸ் அம்மா உனக்குக் கொடுத்தது, சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாயே. அதை ஊறவைத்துப் போட்டால் உன் வாசனை வந்துவிடும் என்று மாமா வீட்டில் டப்பாவைத் தேடி எடுத்தேன். உள்ளே சர்க்கரை மட்டும் இருந்தது. அம்மாவைக் கேட்டால், "கருப்பா காஞ்ச முருங்கைக்கா மாதிரி இருந்துதே, அதா? பூச்சி வரும்னு எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன்" என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் மளிகைக் கடை எசன்ஸ் பாட்டில்தான்.

மூன்றாவது தடவை பதமாகக் காய்ச்சி, ஃப்ரீசரில் வைத்தேன். நடுவில் எடுத்து அடித்துக் கலக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நான் வானூர் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவள், வேலையை விட்டுவிட்டு வந்து ஃப்ரீசரைத் திறந்துகொண்டிருக்க முடியுமா? சாயங்காலம் வந்து பார்த்தால் கல். கரண்டி இறங்கவில்லை. நாக்கில் வைத்தால் நறநற என்று ஐஸ் துகள். மாமா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தியைக் கலக்காம வுட்டா உப்பு பெருங்கல்லா விளையும்ல, அந்த மாதிரி ஆயிடுச்சு" என்றார். அவருக்கு உப்பளத்தைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராதா? ஆனால் அவர் சொன்ன பிறகுதான் உன் பக்கெட் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த பக்கெட்டையும் நீ அதற்குள் வைக்கிற எவர்சில்வர் தூக்குச்சட்டியையும் பரண் மேலிருந்து இறக்கினேன். அதோடு உன் மரக்கரண்டியும் இருந்தது. பக்கெட் நிறைய ஐஸும், குளிர் ஏற உப்பும் போட்டு, நடுவில் தூக்கை இறக்கி, அதன் பிடியைப் பிடித்து நீ மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பாய். "வேகமா சுத்தினா காத்து பூந்து ஐஸ்க்ரீம் ஆயிடும், இது ஜெலாட்டோடி" என்பாய். அவ்வப்போது மூடியைத் திறந்து ஓரத்தில் உறைந்ததை வழித்துவிட்டு, கரண்டியை ஒரு நக்கு நக்கிவிட்டு என்னிடம் நீட்டுவாய். நான் ஒரு நக்கு, நீ ஒரு நக்கு. "எச்சில் கரண்டிடி, இன்னா பொண்ணுங்களோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கடைசி வழிசலுக்கு நமக்குள் அடிதடியே நடக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கொஞ்சமாகச் செய்து பார்த்தேன். வந்துவிட்டது, அக்கா. வழவழவென்று, கரண்டியில் இழைந்து, நாக்கில் வைத்ததும் மெதுவாகக் கரைந்தது. கயல் சாப்பிட்டுவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அப்போதே தலைக்கனம் ஏறிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைப் பக்கம் மீன்பிடி போட்டுகளுக்கு ஐஸ் விற்கிற கம்பெனிக்குப் போனேன். கோணிப்பையை நீட்டினால் அங்கிருந்தவர், "எந்த போட்டுக்குமா?" என்று கேட்டார்.

"போட்டுக்கு இல்லீங்க, எங்க அக்காவுக்கு" என்றேன்.

"அக்கா மீன் யாவாரமா?"

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாமா வீட்டிலிருந்து எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் வரவில்லை, ஜெலாட்டோவைப் பாதியில் விட முடியாது என்றேன். அது உண்மை. தாலி கட்டுவதைப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை என்பதும் உண்மை. அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வாயில கீயில வெச்சிடாதடி. படைக்கிறதுக்கு முன்னால எச்சில் படக் கூடாது. இது வேற, பூவாடைக்காரிக்கு வைக்கிறது." இது வேற என்றாள். உனக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு சட்டம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று அளவு அதிகம். எல்லோருக்கும் வேண்டுமே. ஐஸ் அதிகம் போட்டேன், அதற்குத் தகுந்த மாதிரி உப்பும் போட்டேன். மாமா உப்பளத்தில் குத்தகைக்கு எடுத்துப் பண்ணுகிற பாத்தியின் உப்பு மூட்டையாகவே வீட்டில் கிடக்கிறது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ஸ்பூனில் அளந்திருப்பார்கள். நாம் எப்போது உப்பை அளந்திருக்கிறோம்? கூடையோடு கவிழ்த்தேன். சுற்றச் சுற்ற நன்றாக உறைந்தது, முந்தின நாளைவிடச் சீக்கிரமாகவே உறைந்தது. மூடியைத் திறந்து வழித்தபோது பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கரண்டியைக் கழுவி வைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். ஜெயந்தி ஒல்லியாக, வெயிலில் கறுத்த கையோடு இருந்தாள், தலை நிமிரவில்லை. விளக்கேற்றினாள். உனக்கு வைத்துக் கும்பிட்ட புடவையை உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். நான்தான் எடுத்தேன் அந்தப் புடவை, உனக்குப் பிடித்த பச்சை. அவளுக்கும் அது பொருந்தியிருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலையில் பொங்கல், வடை, பாயசம் எல்லாம் வைத்து, உன் படத்துக்கு நேராக ஒரு கிண்ணத்தில் ஜெலாட்டோவை வைத்தேன். கற்பூரம் காட்டி முடித்ததும் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பல்லி சொன்னால்தான் நீ ஏற்றுக்கொண்டாய் என்று அர்த்தமாம். அது சொல்லும் வரை யாரும் இலையைத் தொடக் கூடாதாம். பல்லி சொல்லவில்லை. கிண்ணத்து ஓரம் உருக ஆரம்பித்தது. "அம்மா, உருகுது" என்றேன். "சும்மா இருடி" என்றாள். வெயிலில் அலைந்து, ஒவ்வொரு தடவையாகக் கெடுத்து, கடைசியில் வந்து சேர்ந்த ஒன்று என் கண்ணெதிரே தண்ணீராகிக்கொண்டிருந்தது. அக்கா, அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது இரண்டு. சீக்கிரம் சொல் என்று ஒன்று. சொல்லவே சொல்லாதே என்று இன்னொன்று.

"சொல்லிடுச்சு" என்றார் மாமா.

எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்டதாம். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எடுங்க" என்றாள். நீ நிஜமாகவே சொன்னாயா, அல்லது உன் புருஷன் உருகிக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாரா?

முதல் வாய் ஜெயந்திக்கு. கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஸ்பூன் வைத்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். அப்புறம் குனிந்த தலை நிமிராமல், நிதானமாக, கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கழுத்தில் மட்டும் விழுங்குவது தெரிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்து கயல். வாயில் வைத்தாள், அப்படியே தரையில் துப்பினாள். "ஐய, உப்பு. எங்க அம்மா செய்றது இது இல்ல" என்றாள்.

நான் எடுத்து நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றுவிடும். கொட்டிய உப்புக்கு ஐஸ் சரசரவென்று உருகி, தண்ணீர் தூக்கின் மூடி வரை ஏறி, மூடி இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. ஒரே ஒரு நக்கு நக்கியிருந்தால் தெரிந்திருக்கும். உன் படத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, உனக்கு உப்பைப் படைத்திருக்கிறேன். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை.

பின்னாலேயே ஜெயந்தி வந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எனக்குக் கோபம் எல்லாம் அவள் மேல் திரும்பியது.

"உப்புன்னு தெரியுதுல்ல? முழுசா எதுக்குச் சாப்ட்டீங்க? சொல்ல வேண்டியதுதானே?"

"நான் இதுக்கு முன்னால சாப்ட்டதில்லீங்க" என்றாள். "உங்க அக்காவுக்கு ரொம்பப் புடிக்கும்னு சொன்னாங்க. உப்பளத்து ஊராச்சே, இங்க இப்படித்தான் செய்வாங்கபோலன்னு நெனச்சேன். அவங்களுக்குப் புடிச்சதை வந்த அன்னிக்கே நான் எப்படிங்க குறை சொல்றது?"

இத்தனை நாளாக அவளை என்னென்ன சொல்லித் திட்டுவது என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றுகூட உபயோகப்படவில்லை. உன் பேருக்காக அந்த உப்பை அவள் விழுங்கியிருக்கிறாள். அவளைத் திட்ட ஒரு வழிகூட விடாமல் செய்துவிட்டாளே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

"பால் மீதி இருக்குதா?" என்று அவளே கேட்டாள். இருந்தது, காய்ச்சி ஆற வைத்தது. உன் பச்சைப் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு பக்கெட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். புதுப்பெண் செய்கிற காரியமா அது என்று அம்மா வாசலிலிருந்து முணுமுணுத்தாள். நான் தூக்கைச் சுற்றினேன். தண்ணீர் ஏற ஏற ஜெயந்தி டம்ளரால் மொண்டு வெளியே ஊற்றினாள், கழனியில் வரப்பு வழியத் தண்ணீர் நின்றால் எப்படி வடிப்பார்களோ அப்படி. எனக்கு ஏன் அது தோன்றவில்லை? கயல் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"சித்தி" என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் திரும்பினோம். அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கெட்டியானதும் ஜெயந்தி மூடியைத் திறந்து, மரக்கரண்டியால் ஓரத்தை வழித்து, தயங்கித் தயங்கி ஒரு நக்கு நக்கினாள். அவள் கண் அகலமானது. "இதுவா அது?" என்றாள். அப்புறம் யோசிக்காமல் அதே கரண்டியை என்னிடம் நீட்டினாள். நீ நீட்டுவது மாதிரியேதான்.

நான் அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டேன், அக்கா. நன்றாக இருந்தது. எசன்ஸ்தான், உன் குச்சி வாசனை இல்லை. இருந்தாலும் நன்றாக இருந்தது. உன்னைத் தவிர யார் எச்சிலையும் தொடாதவள் நான். அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கப் போனேன். அம்மா தடுத்துவிட்டாள். எச்சில் பட்டுவிட்டதாம், படையலுக்கு ஆகாதாம். எச்சில் படாத உப்பை நீ ஏற்றுக்கொள்வாய், எச்சில் பட்ட இனிப்பை ஏற்க மாட்டாயா? இதற்கும் பல்லியைத்தான் கேட்க வேண்டுமா?

இருட்டுகிற நேரத்தில் கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னிக்கு இங்கயே இருக்கட்டா?" என்று கேட்டாள். இரு என்றேன். வேறென்ன சொல்வது? காலித் தூக்கை எடுத்துக்கொண்டு இரண்டு தெருவையும் தனியாக நடந்து வந்தேன். படுத்தால் என் மேல் கால் போட ஆள் இல்லை. நீ போனபோதுகூட எனக்குக் கயல் இருந்தாள். இப்போது உன்னிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது, அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

கயல் பிறந்தநாளுக்கு மறுபடி செய்வோம் என்று ஜெயந்தி சொல்லியிருக்கிறாள். செய்வோம். உப்பை அளந்து போடுவேன், தண்ணீரை மொண்டு ஊற்றுவேன். அம்மா என்ன கத்தினாலும் சரி, முதல் வழிசலை நான் நக்கிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியால்தான் உன் கிண்ணத்தில் எடுத்து வைப்பேன். பூவாடைக்காரிக்கு அது ஆகாமல் போகட்டும், என் அக்காவுக்கு ஆகும்.

உன் எச்சில் கரண்டிக்கு அடித்துக்கொண்ட தங்கச்சி,
சுமதி